அது தனி கேஸ்லா, தம்பி

போன ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் எங்கள் அச்சுக் கடைக்கு ஆளே வரவில்லை. பாளையங்கோட்டையில் கார்டு வேலை சூடு பிடிக்க இன்னும் நாள் இருந்தது. சும்மா இருக்கிற கைக்கு வேலை கொடுப்போமே என்று, கம்ப்யூட்டரில் இருபது வருடமாகச் சேர்ந்து கிடந்த எழுத்துருக்களை வகை பிரிக்க உட்கார்ந்தேன். தமிழ் எழுத்துருக்கள் ஏற்கெனவே தனியாக இருந்தன. ஆங்கிலம்தான் குப்பைமேடு. சி.டி.யில் வந்தது, பென்டிரைவில் வந்தது, யாரோ கொடுத்த ஃபைலோடு ஒட்டிக்கொண்டு வந்தது என்று ஆயிரத்துக்கு மேல் இருக்கும். நான்கு ஃபோல்டர் போட்டேன்: செரிஃப், சான்ஸ் செரிஃப், ஸ்கிரிப்ட், டெக்கரேட்டிவ். கால் வைத்த எழுத்து ஒன்றில், மொட்டை எழுத்து இன்னொன்றில், கையெழுத்துப் போல வளைந்து ஓடுவது மூன்றாவதில், எதிலும் அடங்காதது நாலாவதில். மத்தியானம் வரை வேலை நன்றாக ஓடியது.

ஓல்டு இங்கிலீஷ் டெக்ஸ்ட் வந்ததும் கை நின்றது. டிகிரி சான்றிதழின் தலைப்பில், சர்ச் கல்யாண அழைப்பிதழில் மாப்பிள்ளை பெண் பெயரில், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் நெற்றியில் இருக்குமே, அந்தக் கறுத்த, கூர்கூரான எழுத்து. பிளாக்லெட்டர் என்பது பொதுப்பெயர். இதற்குக் கால் இருக்கிறதா? அடியில் வைரக்கல்லைச் சாய்த்து வைத்தாற்போல ஒரு முடிச்சு இருக்கிறது, அதைக் கால் என்று சொல்லலாமா? பேனாவில் பிறந்த எழுத்து என்பது பார்த்ததுமே தெரிகிறது, அப்படியானால் ஸ்கிரிப்டா? ஆனால் எழுத்துகள் ஒன்றோடொன்று ஓடிச் சேரவில்லையே. சரி, போகட்டும் என்று டெக்கரேட்டிவில் தள்ளினேன். தேடிப் பார்த்தால் அதே இனத்தில் இன்னும் பதின்மூன்று. பதினாலும் சேர்ந்து, ஐஸ்கிரீம் சொட்டுகிற எழுத்துக்கும் எலும்புக்கூடு எழுத்துக்கும் நடுவில் போய் உட்கார்ந்தன.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. அவர் காலால் மிதித்து அச்சடிக்கும் டிரெடில் காலத்துக் கம்போசிட்டர், ஈய எழுத்துகளைக் கோப்பவர். இப்போது எங்களிடம் புரூஃப் பார்க்கிறார். "அதைப் போய் இதுக கூடப் போடுதீரே. அது தனி கேஸ்லா, தம்பி" என்றார். கேஸ் என்று அவர் சொன்னது ஈய எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைக்கும் மரத்தட்டை. அவர் வேலை பார்த்த அச்சகத்தில் ரேக்கின் அடித்தட்டில் அந்த ஒரு கேஸ் மட்டும் தனியாக இருக்குமாம். 'சர்டிபிகேட் எழுத்து' என்று பெயர். மற்ற எழுத்தோடு கலந்துவிட்டால் முதலாளி ஏசுவாராம். நான் சிரித்துவிட்டு ஃபோல்டரை மூடினேன். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, அந்த வார்த்தை அப்படி மண்டைக்குள் தூறிக்கொண்டே இருந்தது. தனி கேஸ் என்றால் எதிலிருந்து தனி?

பட்டியல் போட்டவர்கள் செய்தது

எழுத்துரு வகைப்பாடு என்றால் எல்லோரும் முதலில் போய் நிற்பது மாக்ஸிமிலியன் வாக்ஸிடம். பிரெஞ்சுக்காரரான அவர் 1954இல் ரோமன் எழுத்தின், அதாவது இன்று ஆங்கிலப் புத்தகங்களில் பார்க்கும் சாதாரண எழுத்தின் வரலாற்றை வைத்து வகைகளைப் பிரித்தார். அச்சு ஆரம்பித்த காலத்து இத்தாலிய வடிவங்கள், எழுத்து வெட்டுநர் கரமோன் வழி வந்தவை, இன்னொரு வெட்டுநர் டிடோ வழி வந்த மெல்லிய கால்கள், கட்டைக் கால்கள், கால் இல்லாதவை என்று காலக்கோட்டைப் பிடித்துக்கொண்டே வரும். ஏடைப்பி என்கிற சர்வதேச எழுத்துருச் சங்கம் 1962இல் அதை ஏற்றுக்கொண்டது. அந்தச் சங்கத்தின் கைக்குப் போன பிறகு பட்டியலின் வாலில் இரண்டு வகைகள் ஒட்டப்பட்டன. ஒன்று பிளாக்லெட்டர். இன்னொன்று ரோமன் அல்லாத எல்லாம். 1967இல் வந்த பிரிட்டிஷ் தரப் பட்டியலிலோ ஒன்பதே வகைகள்தான். பிளாக்லெட்டருக்கு அதில் தனி இடமே கிடையாது.

ஜெர்மானியர்கள் அப்படி விட முடியாது, அவர்கள் வீட்டுப் பிள்ளை அல்லவா. 1964இல் வந்த டின் 16518 என்ற தரநிலையில் பதினோரு வகைகள். முதல் ஒன்பதும் ரோமன் எழுத்தின் குடும்பம், அதாவது அவர்கள் பேச்சில் ஆன்டிகுவாவும் அதன் சுற்றமும். பத்தாவது 'முறிந்த எழுத்துகள்'. அதற்குள் ஐந்து உட்பிரிவுகள்: கோட்டிஷ், ருண்ட்கோட்டிஷ், ஷ்வாபாகர், ஃபிராக்டூர், ஃபிராக்டூரின் திரிபுகள். பதினொன்றாவது 'அந்நிய எழுத்துகள்'. கிரேக்கம், சிரிலிக், ஹீப்ரூ, அரபி எல்லாம் அங்கேதான். தமிழும் அங்கேதான். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிளாக்லெட்டருக்கு அடுத்த வீடு நாம். தமிழ் எழுத்துருக்களை எந்த யோசனையும் இல்லாமல் தனி ஃபோல்டரில் போட்டு வைத்திருந்த நானும், என்னை அறியாமல் அதே பட்டியலைத்தான் பின்பற்றியிருக்கிறேன். லத்தீன் எழுத்தை மட்டுமே மையமாக வைத்த அந்த வாக்ஸ் வகைப்பாட்டை ஏடைப்பி 2021இல் கைவிட்டுவிட்டது. நல்லதுதான். ஆனால் கூகுள் ஃபான்ட்ஸில் போய் யூனிஃபிராக்டூர் மகுன்டியா என்ற அருமையான ஃபிராக்டூரைத் தேடிப் பாருங்கள். டிஸ்ப்ளே என்று போட்டிருக்கும். நான் டெக்கரேட்டிவ் என்றேன், அவர்கள் டிஸ்ப்ளே என்கிறார்கள், வித்தியாசம் அவ்வளவுதான்.

பெயர்க் குழப்பம் வேறு. மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலிய அறிஞர்களுக்கு இந்த எழுத்து பிடிக்காது. காத் இனத்துக் காட்டுமிராண்டிகளின் எழுத்து என்ற ஏளனத்தில் 'காதிக்' என்றார்கள். அதே காதிக் என்ற சொல் அமெரிக்காவில் கால் இல்லாத மொட்டை எழுத்துக்குப் பெயராகிவிட்டது. ஃபிராங்க்ளின் காதிக், நியூஸ் காதிக் எல்லாம் சான்ஸ் செரிஃப். ஃபைல் பெயரை வைத்து வகை பிரித்துக்கொண்டு வந்த நான் இதில் எத்தனை தடவை ஏமாந்தேன் என்று கேட்காதீர்கள். அதேபோல 'டெக்ஸ்ட்' என்று பெயரில் இருந்தால் புத்தகத்தின் உள்பக்க எழுத்து என்று நினைக்கக்கூடாது. ஓல்டு இங்கிலீஷ் டெக்ஸ்ட், வெட்டிங் டெக்ஸ்ட், கௌடி டெக்ஸ்ட் மூன்றும் பிளாக்லெட்டர். அந்த டெக்ஸ்டுக்குப் பின்னால் இருப்பது டெக்ஸ்டூரா, லத்தீனில் நெசவு.

சின்ன ஓ ஒன்று போதும்

நெசவு என்ற பெயர் ஏன் என்பது பேனாவைக் கையில் பிடித்தால் புரிகிறது. அகல முனைப் பேனா ஒன்று வாங்கி மூன்று நாள் எழுதிப் பார்த்தேன். பேரரசர் சார்லமேன் காலத்து உருண்டை எழுத்து 12ஆம் நூற்றாண்டு வாக்கில் நெருக்கமாகி, இடம் சுருங்கி, வளைவெல்லாம் முறிய ஆரம்பித்தது. வளைந்து போக வேண்டிய இடத்தில் பேனாவை நிறுத்தி, திசை மாற்றி, மறுபடி இழுக்கிறார்கள். ஒரே வளைவு மூன்று நேர்க்கோடாகிவிடும். ஃபிராக்டூர் என்ற பெயருக்கே முறிந்தது என்றுதான் பொருள். டெக்ஸ்டூராவில் ஐ, என், எம், யூ எல்லாமே வெறும் செங்குத்துக் கம்புகள். எழுத்துக்கு உள்ளே இருக்கும் வெள்ளையும் இரண்டு எழுத்துக்கு நடுவில் இருக்கும் வெள்ளையும் ஒரே அகலம். பக்கத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தால் பாவு நூல் விரித்த தறிதான். எந்தக் கம்பு எந்த எழுத்தைச் சேர்ந்தது என்று தெரியாமல் தவித்துத்தான் ஐ எழுத்தின் தலையில் சின்னக் கோடு வைத்தார்கள். இன்றைக்கு நாம் வைக்கும் புள்ளி அந்தக் கோட்டின் பேரன்.

குடும்பத்துக்குள் யார் யார் என்று அடையாளம் காண, ஜெர்மானியர்கள் சொல்லித்தரும் வழி ஒன்று இருக்கிறது. சின்ன ஓ எழுத்தை மட்டும் பார். இரண்டு பக்கமும் நேராக இறங்கி மேலும் கீழும் முறிந்திருந்தால் டெக்ஸ்டூரா, டின் பட்டியலின் கோட்டிஷ்; 1455 வாக்கில் மைன்ஸ் நகரில் குட்டன்பெர்க் அச்சிட்ட 42 வரி பைபிள் இந்த எழுத்து. உருண்டையாகவே இருந்தால் ரொட்டுண்டா, டின் பட்டியலின் ருண்ட்கோட்டிஷ், இத்தாலியும் ஸ்பெயினும் விரும்பியது. இரண்டு பக்கமும் வயிறு தள்ளி, உச்சியிலும் அடியிலும் மட்டும் கூராக இருந்தால் ஷ்வாபாகர். இடது பக்கம் முறிந்து நேராக, வலது பக்கம் மட்டும் வளைந்திருந்தால் ஃபிராக்டூர். பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியனுக்காக 1513இல் ஆக்ஸ்பர்கில் அச்சான பிரார்த்தனை நூலை ஒட்டி எழுந்து, நானூறு ஆண்டுக்கு மேல் ஜெர்மன் மொழியின் அன்றாட முகமாக இருந்தது அது. என் பதினாலு ஃபைல்களையும் திறந்து ஓ தட்டிப் பார்த்தேன். ஒன்பது டெக்ஸ்டூரா, மூன்று ஃபிராக்டூர், ஒரு ஷ்வாபாகர். மிச்சம் ஒன்று இரண்டுங்கெட்டான், அதற்கு அப்புறம் வருகிறேன். கோழிக்குஞ்சுக்கு ஆணா பெண்ணா பார்ப்பவர்களைப் போல ஒரு சந்தோஷம் வந்தது உண்மை.

ஆனால் இது உட்பிரிவுதான். மொத்தக் குடும்பமும் எங்கே உட்கார வேண்டும் என்ற கேள்வி அப்படியே நின்றது. இங்கே இன்னொரு கட்சியையும் சொல்லவேண்டும். டச்சு நாட்டு எழுத்தறிஞர் கெரிட் நோர்ட்சை வரலாற்றை விட்டுவிட்டு, எழுத்தை எந்தப் பேனா எப்படி உண்டாக்கியது என்று பார்த்தார். அவர் கணக்கில் பழைய ரோமன் எழுத்தும் டெக்ஸ்டூராவும் ஒரே அகல முனைப் பேனாவின் பிள்ளைகள். அந்தக் கண்ணாடியைப் போட்டால் தனி கேஸே தேவையில்லை. இதைப் படித்தபோது அண்ணாச்சி தோற்றார் என்றுதான் நினைத்தேன்.

ஹாலேயில் அச்சான ஒரு பக்கம்

என் எண்ணம் மாறியது தரங்கம்பாடி வழியாக. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்ததும், ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் ஈய எழுத்துகள் வந்து சேர்ந்ததும், 1715க்குள் புதிய ஏற்பாடு அச்சானதும் அச்சுத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த மிஷனரிகள் ஊருக்கு எழுதிய கடிதங்களையும் அறிக்கைகளையும் ஹாலேயில் 1710 முதல் தொடர்ந்து அச்சிட்டு வந்தார்கள். அவை ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. தமிழ் அச்சு வரலாற்றுக்காகத்தான் திறந்தேன். ஜெர்மன் எனக்குத் தெரியாது, எழுத்துகளை மட்டும் மேய்ந்துகொண்டிருந்தேன்.

பக்கம் முழுக்க ஃபிராக்டூர். நடுநடுவே சில சொற்கள் மட்டும் சாதாரண ரோமன் எழுத்தில். தடித்த எழுத்துக்குப் பதிலாக, அழுத்தம் கொடுக்க அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை. அவை லத்தீன் சொற்கள். ஜெர்மன் மொழியை ஃபிராக்டூரிலும், லத்தீன், பிரெஞ்சுச் சொற்களை ஆன்டிகுவாவிலும் கோப்பது அந்நாட்டு அச்சகங்களின் வழக்கம். அதிலும் ஒரு படி மேலே போய், லத்தீன் வேர்ச்சொல்லை ஆன்டிகுவாவில் கோத்து, அதோடு ஒட்டுகிற ஜெர்மன் விகுதியை ஃபிராக்டூரில் கோத்திருப்பார்கள். ஒரே சொல், பாதி இந்தக் கேஸ், பாதி அந்தக் கேஸ். சீகன்பால்க் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் அதே ஹாலேயில் வந்தது. அந்நூலின் மொழி லத்தீன், அதனால் எழுத்து ஆன்டிகுவா. ஒரே ஊர், ஒரே ஆசிரியர், மொழி மாறினால் எழுத்து மாறிவிடுகிறது.

எனக்கு இது எங்கே பார்த்த மாதிரி இருக்கிறது என்று யோசித்தேன். வேறெங்கே, நம் கோயில் சுவர்களில்தான். வடமொழிப் பகுதி கிரந்தத்தில், தொடர்ந்து வருவது தமிழில். மணிப்பிரவாள ஏடுகளில் ஒரே வரிக்குள் இரண்டும் மாறி மாறி வரும். வடசொல்லைக் கிரந்தத்தில் எழுதி, வேற்றுமை உருபைத் தமிழில் ஒட்டியிருப்பார்கள். கிரந்தத்தைத் தமிழின் 'அலங்கார எழுத்துரு' என்று யாராவது சொன்னால் சும்மா விடுவோமா? தனி எழுத்துமுறை என்போம். நான் ஃபிராக்டூருக்குச் செய்தது அதைத்தான்.

அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் இதுவே கண்ணில் பட்டது. 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் ஆங்கில பைபிளின் முதல் பதிப்பு பிளாக்லெட்டரில் அச்சானது. மூலத்தில் இல்லாமல், பொருள் விளங்க மொழிபெயர்ப்பாளர்கள் சேர்த்த சொற்களைச் சின்ன ரோமன் எழுத்தில் வைத்தார்கள். பிற்காலப் பதிப்புகள் ரோமனுக்கு மாறியபோது அதே சொற்கள் இட்டாலிக்கில் போயின. ஜெர்மனியில் 1493இல் வந்த நியூரம்பர்க் வரலாற்று நூலின் லத்தீன் பதிப்பு ரொட்டுண்டாவில், ஜெர்மன் பதிப்பு ஷ்வாபாகரில். ஃபிராக்டூருக்கென்று தனி இலக்கணமும் உண்டு. சாய்வெழுத்து கிடையாது, அழுத்தம் வேண்டுமானால் எழுத்துகளை இடைவெளி விட்டுப் பரப்புவார்கள். அப்படிப் பரப்பும்போதும் சி-எச், சி-கே போன்ற கூட்டெழுத்துகளைப் பிரிக்கக்கூடாது. சொல்லின் நடுவில் நீள எஸ், பகுதி முடியும் இடத்தில் குட்டை எஸ். 'வாக்ஸ்டூப' என்ற சொல்லில் நீள எஸ் போட்டால் காவலர் அறை, குட்டை எஸ் போட்டால் மெழுகுக் குழாய். முழுச் சொல்லையும் பெரிய எழுத்தில் கோப்பது அறவே கூடாது. இந்தக் கடைசி விதியை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பத்து வருடத்துக்கு முன் ஒரு கல்யாணக் கார்டில் மாப்பிள்ளை பெயர் முழுவதையும் ஓல்டு இங்கிலீஷ் பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மாவுக்கே மகன் பெயர் படிக்க வரவில்லை. முந்நூறு கார்டு என் செலவில் மறுபடி அடித்தேன்.

பக்கத்து அலமாரி

ஆக, செரிஃப், சான்ஸ், ஸ்கிரிப்ட் என்ற வரிசையில் ஒரு தட்டு அல்ல பிளாக்லெட்டர், பக்கத்தில் நிற்கும் இன்னொரு அலமாரி. ஏனென்றால் இந்த அலமாரியில் இருக்கும் தட்டுகள் அந்த அலமாரியிலும் இருக்கின்றன. ரோமன் எழுத்து பரோக் பாணிக்குப் போனபோது ஃபிராக்டூருக்கும் பிரைட்காப் என்ற பரோக் முகம் வந்தது. பிரான்சில் டிடோ எழுத்தை மெலியவைத்தபோது பெர்லினில் உங்கர் என்பவர் 1793இல் அதே காற்றில் ஃபிராக்டூரை இளைக்கவைத்தார், டிடோவின் உதவியோடே. வால்பாம் என்ற வெட்டுநர் ஆன்டிகுவாவும் வெட்டினார், ஃபிராக்டூரும் வெட்டினார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே கை என்று தெரியும். 1930களில் டானன்பர்க், எலமென்ட், நாஷனல் என்று நெளிவு சுளிவு எல்லாவற்றையும் வழித்துவிட்டு வெறும் கம்பாக நிற்கும் பிளாக்லெட்டர்கள் வந்தன. பிளாக்லெட்டரின் சான்ஸ் செரிஃப் என்றால் அவைதான். அச்சுக்காரர்கள் வைத்த கேலிப் பெயர் 'பூட்ஸ் கால் குரோட்டெஸ்க்'; குரோட்டெஸ்க் என்றால் ஜெர்மானியர் பேச்சில் மொட்டை எழுத்து.

அந்தப் பூட்ஸின் கதையை நிறையப் பேர் தலைகீழாக நம்புகிறார்கள், நானும் நம்பியிருந்தேன். பிளாக்லெட்டர் என்றால் நாஜி எழுத்து என்று. ஆரம்பத்தில் அவர்கள் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது உண்மை. ஆனால் 1941 ஜனவரி 3 அன்று நாஜி தலைவர்களில் ஒருவரான மார்ட்டின் போர்மன் கையெழுத்திட்ட சுற்றறிக்கை, இது 'ஷ்வாபாகர் யூத எழுத்து' என்று சொல்லி அதைக் கைவிடச் சொன்னது. வரலாற்றில் எந்த அடிப்படையும் இல்லாத காரணம். பிடித்த நாடுகளில் இருந்தவர்களுக்கு இந்த எழுத்தைப் படிக்க வராது என்ற நடைமுறைச் சங்கடம்தான் உள்ளே இருந்தது என்பார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்தச் சுற்றறிக்கையின் லெட்டர்பேடே பிளாக்லெட்டரில் அடித்தது. இனி 'இயல்பான எழுத்து' ஆன்டிகுவாதான் என்றது அறிக்கை. போருக்குப் பிறகு பெரும்பாலும் யாரும் பழையதற்குத் திரும்பவில்லை. ஒரு தலைமுறைக்குள் அன்றாட எழுத்து சான்றிதழ் எழுத்தாகிவிட்டது. டெக்கரேட்டிவ் என்று நான் கண்டது, அதன் பிழைப்புப் போன பிறகு மிஞ்சியதை.

யூனிகோடுக்காரர்கள் இந்த வழக்கில் இரண்டு பக்கமும் பேசுகிறார்கள். அவர்களுக்கு ஃபிராக்டூர் லத்தீன் எழுத்தின் உருவ வேறுபாடுதான், தனி எழுத்துமுறை இல்லை. கணிதத்துக்காக மட்டும் ஃபிராக்டூர் எழுத்துகளுக்குத் தனி எண்கள் கொடுத்திருக்கிறார்கள், ஏனென்றால் கணக்கில் சாதாரண ஜி ஒன்று, ஃபிராக்டூர் ஜி வேறொன்று. ஆனால் எழுத்துமுறைகளுக்கு நான்கெழுத்துக் குறி கொடுக்கும் ஐ.எஸ்.ஓ. 15924 பட்டியலில் லத்தீனுக்கு 'லாட்ன்' என்றும், ஃபிராக்டூருக்குத் தனியாக 'லாட்ஃப்' என்றும் இருக்கிறது. தமிழுக்கு 'தம்ல்', அதே பட்டியலில். அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். "நாந்தான் அப்பவே சொன்னேம்லா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புரூஃபைக் கையில் எடுத்துக்கொண்டார்.

டெக்கரேட்டிவிலிருந்து பதின்மூன்றையும் வெளியே எடுத்துத் தனி ஃபோல்டரில் போட்டேன், உள்ளே ஓ பார்த்துப் பிரித்த மூன்று சின்ன ஃபோல்டர்களோடு. மிச்சம் இருந்த அந்த இரண்டுங்கெட்டான் ஏக்மன். ஓட்டோ ஏக்மன் 1900இல் வரைந்தது. தூரிகையில் எழுதினாற்போல வழவழவென்று, பாதி ஆன்டிகுவா, பாதி முறிந்த எழுத்து. வேண்டுமென்றே இரண்டுக்கும் நடுவில் நிற்கும்படி செய்தது. அப்போது ஜெர்மனியில் நிறையப் பேருக்கு அந்த ஆசை இருந்தது. பெர்லின் ரைஷ்டாக் கட்டடத்தின் நெற்றியில் 1916இல் வைத்த 'ஜெர்மன் மக்களுக்கு' என்ற வாசகத்தைப் பேட்டர் பேரன்ஸ் வரைந்ததும் அப்படி இரண்டும் கலந்த ஒரு எழுத்தில்தான். அதை வார்த்தது லோவி என்ற யூதக் குடும்பத்தின் வார்ப்படச்சாலை. ஏக்மனின் ஓ எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், இடது பக்கம் முறிந்திருக்கிறதா வளைந்திருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். "இது எங்க கேஸ்ல இருந்ததே இல்ல" என்றார். அந்த ஃபைல் இன்னும் டெஸ்க்டாப்பில் கிடக்கிறது.